நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு? - யாங்கோனில் வேளாண் பொருளியல்

வேளாண் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு என்றால் பலருக்கும் கண்முன் வருவது தூசி படிந்த புள்ளிவிவரப் பட்டியல்கள்தாம். உண்மையில் அந்தப் படிப்பின் உயிர்நாடி மூன்று எளிய கேள்விகள். உங்களுக்கு நிலம் எவ்வளவு? கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டிக்கு? விளைந்ததை யாருக்கு, என்ன விலைக்கு விற்றீர்கள்? இந்த மூன்றையும் சில நூறு குடும்பங்களிடம் முறையாகக் கேட்டு, ஒரு கிராமத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டு, ஏன் இப்படி இருக்கிறது என்று காரணம் சொல்ல முடிந்தால் அது ஆய்வேடாகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் போய் இந்தக் கேள்விகளைக் கேட்டால் ஒரு செம்பு மோர் கிடைக்கும். 'இதையெல்லாம் எழுதிக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறீர்கள்?' என்ற சலிப்பும் கிடைக்கும். பர்மாவில் இதே கேள்விகளுக்கு வேறொரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் தமிழர்களாகிய நாம் வெறும் பார்வையாளர்கள் அல்லர்.

பர்மாவை மியான்மர் என்றும் ரங்கூனை யாங்கோன் என்றும் 1989ல் அந்நாட்டு ராணுவ அரசு பெயர் மாற்றியது. பழைய காலத்தைப் பேசும்போது பழைய பெயரையும் இன்றைய நிலையைப் பேசும்போது புதிய பெயரையும் இக்கட்டுரையில் பயன்படுத்துகிறேன்.

சிறைக்குப் போன பொருளியலாளர்

2021 பிப்ரவரி 1ஆம் தேதி மியான்மர் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஐந்து நாட்கள் கழித்து, யாங்கோனில் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஷான் டர்னெல் என்ற ஆஸ்திரேலியப் பொருளியலாளர் கைது செய்யப்பட்டார். சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆங் சான் சூ கீ அரசின் பொருளாதார ஆலோசகர். அவர்மீது பாய்ந்தது அலுவல் ரகசியச் சட்டம். 1923ல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கும் அன்று அதன் ஒரு மாகாணமாக இருந்த பர்மாவுக்கும் சேர்த்து இயற்றிய அதே சட்டம்தான். ராணுவம் ரகசியம் என்று சொன்னவை பொருளாதார ஆலோசனைக் குறிப்புகள் என்பது டர்னெலின் வாதம். 2022 செப்டம்பரில் சூ கீயோடு சேர்த்து அவருக்கும் மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நவம்பரில் பொது மன்னிப்பில் விடுதலையானார். மொத்தம் 650 நாட்கள்.

செய்தித்தாள்கள் அவரை 'சூ கீயின் ஆலோசகர்' என்று மட்டுமே அறிமுகப்படுத்தின. தமிழ் வாசகருக்கு அவரிடம் வேறொரு தொடர்பு உண்டு. 2009ல் அவர் வெளியிட்ட 'ஃபயரி டிராகன்ஸ்' என்ற நூல் பர்மாவின் வங்கிகளையும் கிராமக் கடனையும் பற்றியது. அதன் மையமான அத்தியாயங்களில் ஒன்று நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைப் பற்றியது. 1929-30ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின்முன் சாட்சியம் சொன்ன ஒருவர் செட்டியார்களை நெருப்பு உமிழும் நாகங்களுக்கு ஒப்பிட்டார். நூலின் தலைப்பு அந்த வசையிலிருந்து வந்தது. ஆனால் டர்னெல் அந்த வசையை ஏற்கவில்லை. ஐராவதி டெல்டாவை உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதிப் பகுதியாக்கிய பணம் பெரிதும் செட்டியார்களுடையது, அவர்கள் மீதான பழியில் பெரும் பகுதி அவர்களுக்கு உரியதன்று என்பதே அவர் முடிவு.

பர்மிய விவசாயிக்கு யார் கடன் கொடுத்தார்கள் என்ற கேள்வியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஒருவர், அந்த நாட்டின் கணக்கு வழக்குகளைக் கையில் வைத்திருந்ததற்காக இன்சின் சிறைக்குப் போனார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் உலகப் பத்திரிகைகளின் கவனமும் உள்ள பேராசிரியருக்கே இந்த நிலை என்றால், யாங்கோனில் பிறந்து வளர்ந்து, அதே கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு கிராமத்திற்குப் போக நினைக்கும் ஓர் ஆய்வு மாணவியின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

முகல் தெருவின் பேரேடு

கடன் பற்றிய கேள்வி பர்மாவில் ஏன் இவ்வளவு சூடானது என்பதைப் புரிந்துகொள்ள ரங்கூன் முகல் தெருவுக்குப் போக வேண்டும். இன்று அது ஷ்வேபொந்தா தெரு. செட்டியார் கடைகள் நிறைந்திருந்த தெரு அது. அங்கிருந்த கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியை மாதந்தோறும் முடிவு செய்தார்கள். 'கொண்டுவிக்க'ப் போன மேலாட்கள் மூன்றாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் கப்பல் ஏறினார்கள்.

1852ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி போகத் தொடங்கியதும் டெல்டாவின் காடும் சதுப்பும் வயலாயின. காடு வெட்ட, மாடு வாங்க, அறுவடை வரை சாப்பிடப் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் பர்மிய விவசாயிக்கு நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை, செட்டியார்களுக்குக் கொடுத்தன. செட்டியார்கள் தங்கள் முதலையும் செட்டிநாட்டிலிருந்து வந்த வைப்புப் பணத்தையும் அதோடு சேர்த்து டெல்டாவின் சிற்றூர்கள் வரை கொண்டு சென்றார்கள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக மேற்சொன்ன விசாரணைக் குழு கணக்கிட்டது. உள்ளூர்க் கடன்காரர்கள் வாங்கியதைவிடச் செட்டியார் வட்டி குறைவு என்பதையும் அதே குழு பதிவு செய்தது.

பிறகு உலக மந்தம் வந்தது. நெல் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. கடன் மட்டும் சரியவில்லை. அடமானத்தில் இருந்த நிலம் செட்டியார் பெயருக்கு மாறத் தொடங்கியது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் அவர்கள் கையில் இருந்தது 6 விழுக்காடு நிலம். 1938ல் அது 25 விழுக்காடு, ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். பணமாகச் சுழல வேண்டிய முதல் மண்ணாக உறைந்துபோனது செட்டியாருக்கு நஷ்டம். பாட்டன் வெட்டித் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நிற்க வேண்டி வந்தது விவசாயிக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். 1930 டிசம்பரில் தராவடியில் வெடித்த சாயா சான் கிளர்ச்சியும், அந்தப் பத்தாண்டின் இந்திய எதிர்ப்புக் கலவரங்களும், 1942ன் நெடும்பயணமும், விடுதலைக்குப் பின் 1948ல் வந்த நில தேசியமயச் சட்டமும் இந்தக் கணக்கின் அடுத்தடுத்த பக்கங்கள்.

இங்கேதான் ஆய்வு முறை சார்ந்த ஒரு சிக்கல் வருகிறது. இந்தக் கதையைச் சொல்லும் சிறந்த நூல்கள் பர்மாவுக்கு வெளியே எழுதப்பட்டவை. செங் சியோக்-ஹ்வாவின் பர்மிய அரிசித் தொழில் பற்றிய நூல் கோலாலம்பூரில் 1968ல் வந்தது. மைக்கேல் அடாஸின் 'தி பர்மா டெல்டா' 1974ல் அமெரிக்காவில் வந்தது. இரண்டுக்கும் முதன்மை ஆதாரம் ஆங்கில அரசு ஆவணங்களே. நிலவரித் திட்ட அறிக்கைகளில் பர்மிய விவசாயி அதிகாரியின் பேனா வழியாகத்தான் பேசுகிறான். கடன் கொடுத்தவரின் தரப்போ தமிழில் இருக்கிறது: குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை; தமிழ் எண்களும் மாகாணி, அரைக்கால் முதலான பின்னக் குறிகளும் கலந்த எழுத்து. செட்டிநாட்டில் தங்கி ஆய்ந்த டேவிட் ரட்னரின் 1994ஆம் ஆண்டு நூல் இந்தப் பக்கத்தில் சில கதவுகளைத் திறந்தது. ஆனால் ஒரு டெல்டா ஊரின் நிலப்பதிவேட்டையும், அதே ஊருக்குக் கடன் கொடுத்த கடையின் பேரேட்டையும், அந்த ஊர்க் குடும்பங்களின் பர்மிய மொழி நினைவுகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்து எழுதினால்தான் முழுக் கணக்கு தெரியும். அதற்கு ஆங்கிலம், தமிழ், பர்மியம் மூன்றும் தெரிந்த ஆய்வாளர் வேண்டும். அப்படி ஒருவரை உருவாக்கும் இடமாக யாங்கோன் இருந்திருக்க வேண்டும். அது ஏன் நடக்கவில்லை?

மூடிய பல்கலைக்கழகங்கள்

ரங்கூன் பல்கலைக்கழகம் 1920ல் தொடங்கியது. அங்கிருந்து புறப்பட்ட ஹ்லா மியின்ட், லண்டன் பொருளியல் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்று, வளர்ச்சிப் பொருளியலின் முன்னோடிகளில் ஒருவரானார். பயன்படாமல் கிடந்த நிலமும் உழைப்பும் ஏற்றுமதி வணிகத்தில் ஒரு வடிகாலைக் கண்டடைகின்றன என்ற கருத்தை 1958ல் அவர் விரித்து எழுதியபோது, அவர் மனத்தில் இருந்த நிலங்களில் ஒன்று ஐராவதி டெல்டா. பிறகு ரங்கூன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். பர்மிய வயலிலிருந்து உலகப் பாடநூலுக்கு ஒரு கோட்பாடு போன காலம் அது.

1962ல் நே வின் தலைமையில் ராணுவம் வந்தது. பொருளியல் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. வேளாண்மை இன்னொரு நிறுவனமாகி, 1973ல் பின்மனா அருகே யெசினுக்குப் போனது. வயலைப் படித்தவர் சந்தையைப் படிக்கவில்லை. சந்தையைப் படித்தவர் வயலுக்குப் போகவில்லை. நெல்லை அரசே குறைந்த விலைக்குக் கட்டாயமாகக் கொள்முதல் செய்தது. கட்டாயக் கொள்முதல் உள்ள நாட்டில் உண்மையான விளைச்சலைச் சொல்வதில் விவசாயிக்கு லாபமில்லை. இலக்கு எட்டவில்லை என்று மேலே சொல்வதில் அதிகாரிக்கும் லாபமில்லை. ஒருவர் குறைத்துச் சொல்ல, ஒருவர் கூட்டி எழுத, புள்ளிவிவரம் என்பதே அரசுக்கும் குடிகளுக்கும் நடக்கும் பேரமாகிவிட்டது.

1988 எழுச்சிக்குப் பின் நிலைமை மோசமானது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி பல்கலைக்கழகங்கள் பூட்டிக் கிடந்தன. 1996 டிசம்பர் போராட்டத்திற்குப் பிறகு மூடியவை 2000 வரை முழுமையாகத் திறக்கவில்லை. திறந்தபோது இளநிலை வகுப்புகள் பல நகருக்கு வெளியே கொண்டுபோகப்பட்டிருந்தன. ஒரு தலைமுறை மாணவர் இல்லாமல் போனால் அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர் இல்லாமல் போகிறார்கள். இந்தக் காலத்தின் இறுதியிலிருந்து அரசு ஆண்டுதோறும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வளர்ச்சி என்று அறிவித்துக்கொண்டிருந்தது. அதை நம்பாத வெளிநாட்டுப் பொருளியலாளர்கள் இருந்தார்கள். உள்நாட்டில் அதைச் சரிபார்த்து எழுதும் ஆய்வேட்டை யார் நெறிப்படுத்துவது, எந்தக் குழு ஏற்பது?

2011க்குப் பின் பத்தாண்டுகள் கதவு கொஞ்சம் திறந்தது. யெசின் வேளாண் பல்கலைக்கழகத்தில் இந்திய உதவியோடு வேளாண் ஆராய்ச்சி, கல்விக்கான உயர் மையம் ஒன்று அமைந்தது. துணை நின்றது டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். சென்னையின் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அரிசி உயிரிப் பூங்கா ஒன்றை அமைக்கத் தொழில்நுட்ப உதவி செய்தது. ஜப்பானியரும் அமெரிக்கரும் கிராமக் கணக்கெடுப்புகளை நடத்தினார்கள். அவற்றில் கேள்வி கேட்கும் பணியைச் செய்த பர்மிய இளைஞர்கள்தாம் அடுத்த பத்தாண்டில் முனைவர்களாகியிருக்க வேண்டியவர்கள்.

2021 மே மாதத்திற்குள், ராணுவ ஆட்சிக்கு ஒத்துழைக்க மறுத்த பதினோராயிரத்திற்கும் மேற்பட்ட பல்கலைக்கழக ஆசிரியர்களும் ஊழியர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

உளுந்து சொல்லும் பாடம்

'இதெல்லாம் அங்குள்ளவர்களின் துயரம், நமக்கென்ன?' என்று கேட்பவர்களுக்கு ஓர் எளிய பதில் உண்டு: இட்லி. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மரிலிருந்து வருவது. அதில் கணிசமான பங்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறது. கார்காலத்து நெல்லை அறுத்த பிறகு மண்ணில் மிஞ்சிய ஈரத்தில் டெல்டா விவசாயி விதைப்பது உளுந்தும் பாசிப்பயறும். அங்கே உளுந்து பெரிதாகச் சாப்பிடுவதில்லை. நமக்காகவே விளைகிறது என்று சொன்னால் மிகையில்லை. மூட்டைகள் சேரும் இடம் யாங்கோனின் பயின்னவுங் மொத்தச் சந்தை. அங்கிருந்து கப்பல்.

இந்தப் பயிரின் வளர்ச்சியே ஒரு பொருளியல் பாடம். நெல்லைக் கட்டுப்படுத்திய அரசு, 1988க்குப் பின் பயறு வகைகளைத் தனியார் வணிகத்திற்கு விட்டுவிட்டது. நெல்லுக்குக் கட்டாயக் கொள்முதல் 2003 வரை தொடர்ந்தபோது, பயறு தடையில்லாமல் ஓடியது. ஜப்பானிய ஆய்வாளர் இக்குகோ ஒகமோத்தோ, யாங்கோனுக்கு அருகிலுள்ள தோங்வா பகுதியில் பாசிப்பயறு விவசாயத்தை ஆராய்ந்து 2008ல் ஒரு நூல் எழுதினார். சந்தை திறந்ததில் நிலமுள்ள விவசாயியும் வணிகரும் வளர்ந்தார்கள், நிலமற்ற கூலியாளருக்கு அந்த வளர்ச்சியில் கிடைத்த பங்கு சிறிது என்பது அதன் சாரம். டெல்டாக் கிராமங்கள் பலவற்றில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலமே இல்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த முடிவின் கனம் புரியும்.

இனி நம் பக்கத்துக் கதை. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு, உள்நாட்டு விவசாயியைக் காப்பாற்ற, துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டது. டெல்லியில் வெளியான ஓர் அறிவிக்கையால் டெல்டாவில் விலை சரிந்தது. 2021ல் காற்று திசை மாறியது. இந்தியாவில் விலை ஏற, மே மாதம் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் 2025-26 வரை ஐந்தாண்டுகள் வாங்குவதாக மியான்மருடன் ஒப்பந்தமானது. ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஐந்து மாதம் கூட ஆகவில்லை.

இந்த ஒப்பந்தம் நல்லதா கெட்டதா? விவசாயிக்கு உறுதியான சந்தை கிடைத்தது என்று ஒருவர் சொல்லலாம். ராணுவத்திற்கு அந்நியச் செலாவணி கிடைத்தது என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. எது எவ்வளவு என்பதுதான் கேள்வி. 2022 ஏப்ரலில் மியான்மர் மத்திய வங்கி, ஏற்றுமதி வருமானத்தை அரசு குறித்த விலைக்கு மாற்றியாக வேண்டும் என்று உத்தரவிட்டது: ஒரு டாலருக்கு 1,850 கியாட். ஆகஸ்டில் அது 2,100 ஆனது. மாற்றியாக வேண்டிய பங்கும் பிறகு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2024ல் வெளிச்சந்தையில் டாலர் 4,000 கியாட்டைத் தாண்டியது. இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளி ஏற்றுமதியாளர் மீதான மறைமுக வரி. அந்த வரியில் எவ்வளவை அவர் தாங்கினார், எவ்வளவைத் தரகர் வழியாக விவசாயியின் தலையில் இறக்கினார், எவ்வளவு கூலியாளின் நாள் சம்பளத்தில் பிடித்தமானது? ஓர் அருமையான முனைவர் பட்ட ஆய்வுக்கான தலைப்பு இது. பயின்னவுங் விலை, சென்னை விலை, கிராமத்து விலை, கூலி ஆகிய நான்கும் மாதவாரியாகக் கிடைத்தால் விடை சொல்லிவிடலாம். முதல் இரண்டும் வணிகரிடம் கேட்டால் கிடைக்கும். பின் இரண்டையும் யாராவது கிராமத்திற்குப் போய்க் கேட்டாக வேண்டும்.

தொலைபேசியில் ஒரு கிராமம்

இனி அந்த யாங்கோன் மாணவியிடம் வருவோம். அவள் கற்பனைப் பாத்திரம்தான். அவள் எதிர்கொள்ளும் தடைகள் கற்பனையல்ல.

முதலில் மாதிரிச் சட்டகம் வேண்டும். எந்தக் கிராமங்களை, எந்தக் குடும்பங்களைத் தேர்வது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அடிப்படை. நம்பத்தகுந்த கடைசிக் கணக்கெடுப்பு 2014ல் நடந்தது. 2024ல் ராணுவ அரசு நடத்தியதில், 330 நகரியங்களில் 145ல் மட்டுமே முழுமையாக எண்ண முடிந்தது. மற்றவை போரில் இருந்தன, அல்லது எதிர்ப்புப் படைகளின் கையில் இருந்தன. கணக்கெடுக்க வருபவர் கையில் படிவம் இருந்தால் அது ராணுவத்திற்கு ஆள் பிடிக்கும் பட்டியல் என்று கிராமத்தார் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. 2010ல் எழுதி வைத்திருந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது: ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. ஆய்வுக்குத் துணைக்கு வரும் இளைஞர்கள் அனைவரும் இந்த வயதினரே. 'உங்கள் வீட்டில் எத்தனை பேர், வயது என்ன?' என்ற, எந்த வினாத்தாளிலும் முதலில் வரும் கேள்வி இன்று ஒரு குடும்பத்தை நடுங்க வைக்கும்.

ஆகவே கணக்கெடுப்பு தொலைபேசிக்கு மாறியது. வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தின் மியான்மர் பிரிவு 2021 டிசம்பரிலிருந்து சுற்றுக்குப் பன்னிரண்டாயிரம் குடும்பங்களுக்கு மேல் தொலைபேசியில் விசாரித்து வருமானம், உணவு, கடன் நிலையைப் பதிவு செய்தது. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிந்தைய மியான்மரின் கிராமப்புறம் பற்றி நாம் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் பெரும்பகுதி இந்தக் குரல்களிலிருந்து வந்தது. குறைகளும் உண்டு. தொலைபேசி இல்லாத குடும்பம் வராது. இணைப்பு துண்டிக்கப்பட்ட ஊர் வராது. வருபவரும் ஒட்டுக் கேட்பவரை நினைத்துச் சுருக்கமாகப் பேசுவார். விடுபட்டவர்களுக்கு ஈடாக, அவர்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கைச் சரிசெய்வார்கள். ஆனால் விடுபட்ட கூலியாளும் அகப்பட்ட கூலியாளும் ஒரே மாதிரி என்ற அனுமானம் அதில் ஒளிந்திருக்கிறது. போர் நடக்கும் ஊரில் அந்த அனுமானம் தாங்குமா என்பது பெரிய கேள்வி.

அடுத்து, எங்கே படிப்பது? வெளிநாடுதான். பாங்காக்கிலோ லோஸ் பான்யோஸிலோ இடம் கிடைத்தாலும் பணம் வேண்டும். அமெரிக்க உதவியில் தென்கிழக்காசியப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்த பர்மிய மாணவர்களுக்கான நாலரைக் கோடி டாலர் உதவித்தொகைத் திட்டத்தை 2025 ஜனவரியில் புதிய அமெரிக்க அரசு ரத்து செய்தது. மியான்மர்க் கணக்கெடுப்புகளுக்கும் நிதி தந்துவந்த அமெரிக்க உதவி நிறுவனம் யூஎஸ்எய்ட் அதே ஆண்டு ஜூலையில் கலைக்கப்பட்டது. ராணுவம் கிராமத்துக் கதவை மூடியது; நன்கொடையாளர் நூலகக் கதவை மூடினார். இரண்டுக்கும் நோக்கம் வேறு, விளைவு ஒன்றே.

நம் பங்கு

இப்படி ஒரு நாட்டின் விவசாயியைப் பற்றி அறிந்தவர் யாருமே இல்லாமல் போனால் என்ன ஆகும்? 1930களில் ஆனதுதான் ஆகும். அன்று கடன்காரனுக்குத் தன் பேரேடு தெரியும். அரசுக்குத் தன் வரி தெரியும். விவசாயியின் முழுக் கணக்கு ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தை வசையும் கலவரமும் நிரப்பின. செட்டியார் நெருப்பு நாகமா, நாடு வளர்த்த வங்கியாளரா என்று இன்றுவரை இரண்டு தரப்பும் மாறி மாறிச் சொல்கின்றன. அந்த வழக்கைத் தீர்க்கக்கூடிய சாட்சியம் செட்டிநாட்டு வீடுகளின் பரண்களில் இருக்கிறது. கரையானிடம் போய்க்கொண்டும் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த அச்சு நூல்கள் இன்று சென்னையில் உலகம் மதிக்கும் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. கணக்கேடுகளுக்கு அப்படி ஒரு வாழ்வு வாய்க்க வேண்டும். பழைய தமிழ்ப் பின்னக் குறிகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். வெளிநாட்டில் வசதியாக இருக்கும் செட்டிநாட்டுக் குடும்பங்கள் தங்கள் வீட்டு ஏடுகளைப் படமெடுத்துப் பொதுவில் வைக்க அதிகம் செலவாகாது. முன்னோர் பெயர் கெட்டுவிடுமோ என்ற தயக்கம் இருக்கலாம். வட்டி விவரம் வெளியானால் அவர்கள் பெயர் கெடுவதைவிட நிலைப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, தமிழ்நாட்டுக் கல்வி நிறுவனங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளியலில் முனைவர் பட்டப் படிப்பு நெடுங்காலமாக நடக்கிறது. உளுந்தின் ஒரு முனை அங்கிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. யெசினில் கட்டடமும் பூங்காவும் அமைத்துத் தர முடிந்த நம்மால், பணி இழந்த பர்மிய விரிவுரையாளர் சிலரைக் கோவையிலோ சென்னையிலோ ஆய்வு மாணவர்களாக அமர்த்த முடியாதா? அவர்களுக்குப் பர்மியம் தெரியும். பக்கத்து மேசையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியும். மேலே சொன்ன மும்மொழி ஆய்வு அங்கேதான் பிறக்க முடியும். டெல்லி ஆண்டுக்கு மூன்றரை லட்சம் டன் பயறுக்குக் கையெழுத்துப் போட்டபோது, பத்து மாணவர் இடங்களையும் சேர்த்துக் கேட்டிருந்தால் அது பெரிய செலவாகியிருக்காது.

மூன்றாவது, நாம் அறிந்து பேசுவது. மியான்மரோடு வணிகமே கூடாது என்று முழங்குவது எளிது. வணிகத்தில் அரசியலைக் கலக்காதே என்று ஒதுங்குவது அதைவிட எளிது. பயறு வாங்குவதை நிறுத்தினால் முதலில் அடிபடுபவர் தோங்வாவின் கூலியாள். கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டே இருந்தால் நாணயமாற்று இடைவெளியில் கொழுப்பவர் யார் என்பது தெரியாமலே போகும். இரண்டுக்கும் இடையில் ஒரு நேர்மையான வழி இருக்கிறதா என்று சொல்ல, கிராமத்து விலையும் கூலியும் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை உருவாக்கும் படிப்பு யாங்கோனில் இன்று ஏறக்குறைய நடக்க முடியாததாகிவிட்டது.

நம் முன்னோர் பர்மிய விவசாயியிடம் கேட்ட கேள்வி 'கடனை எப்போது திருப்புவாய்?' என்பது. நாம் இன்று தரகர் வழியாகக் கேட்பது 'மூட்டை என்ன விலை?' என்பது. 'உங்களுக்கு நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டீர்களா?' என்று கேட்க அந்த மாணவி ஒருத்தியாவது வேண்டும். அவள் கேள்விகளை எழுதி வைத்திருப்பாள். உட்கார ஓர் இடமும், இரண்டு மூன்று வருடச் சாப்பாட்டுச் செலவும்தான் குறை.